நல்ல ஏரியா, யாருக்கு?

சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறாள். இரண்டு குழந்தைகள், சின்னதுக்கு இன்னும் நடை சரியாக வரவில்லை. கணவருக்குச் சென்னைக்கு மாற்றல் வந்திருக்கிறது. "மேம், மெட்ராஸ்ல எது மேம் நல்ல ஏரியா? நீங்க சொன்னா அவர் கேப்பார்" என்றாள்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. அந்தச் சொற்றொடரோடு எனக்குப் பத்தாண்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதைத் தீர்க்காமல் அவளுக்கு ஓர் ஊரின் பெயரைச் சொல்லிவிட முடியாது என்று தோன்றியது. இந்தக் கட்டுரை அவளுக்கு நான் தரவேண்டியிருந்த பதில். வேறு பெண்களுக்கும் உதவலாம்.

இலக்கணம் கற்பிப்பவள் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். 'நல்ல' என்பது குறிப்புப் பெயரெச்சம். காலம் காட்டாது, யார் என்றும் காட்டாது. 'நல்ல ஏரியா' என்று சொல்லும்போது அது நல்லது என்று முடிவு செய்தவர் யார், யாருடைய பொருட்டு நல்லது என்பது சொற்றொடரில் இல்லை. பொருட்டைச் சொல்வது நான்காம் வேற்றுமை. 'கு' என்ற ஓர் எழுத்து அங்கே விடுபட்டிருக்கிறது. வீடு தேடும் நாட்களில் தரகர், உறவினர், விளம்பரம், அலுவலக நண்பர்கள் எல்லோரும் இந்தச் சொற்றொடரைச் சொல்வார்கள். ஒருவர்கூட 'கு' போட்டுப் பேசமாட்டார்.

2016 கோடையில் நாங்கள் பாளையங்கோட்டையிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்தோம். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு ஒன்றரை. இணையருக்குச் சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த கல்லூரி வேலையை விட்டுவிட்டுத் தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்திருந்தேன். இரண்டு பேருக்கும் வேலை, இரண்டு சிறு பிள்ளைகள், தெரியாத ஊர். இரண்டு வேலைகளுக்கும் நடுவே எங்கே குடியிருப்பது என்பதுதான் கேள்வி. முந்தைய டிசம்பரின் வெள்ளம் எல்லார் நினைவிலும் இருந்தது. முடிச்சூர், வரதராஜபுரம் என்ற பெயர்களைச் சொன்னாலே உறவினர்கள் தலையை ஆட்டினார்கள்.

ஆறு வாரம் வீடு பார்த்தோம். தரகர் எங்கும் இணையரிடமே பேசினார். "சார், டீசன்ட் ஏரியா சார். ஐ.டி. பீப்புள்தான் ஜாஸ்தி." என் பக்கம் திரும்பியது ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒருமுறை. "மேடம், நீங்க கிச்சன் பாத்துக்குங்க." நான் சமையலறையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் ஏரியா முடிவாகிக்கொண்டிருந்தது.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையை நான் வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். அறைகள் பெருகிப் பெருகி வளர்ந்த ஒரு வீட்டில், பெண்கள் நாள் முழுதும் நிற்கிற அந்த ஒரு இடத்தைப் பற்றி மட்டும் யாரும் யோசிக்காததைச் சொல்லும் கதை. நாங்கள் பார்த்த அடுக்ககங்களில் சமையலறைகள் அப்படி இல்லை. வெளிச்சம் இருந்தது, புகைபோக்கி இருந்தது, இழுப்பறைகள் சத்தமில்லாமல் மூடின. வீட்டுக்குள் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டோம் என்று கட்டுநர்கள் நினைத்திருக்கக்கூடும். நகரத்தின் எந்த மூலையில் அந்த வீடு நிற்கிறது என்பதுதான் எனக்குப் பிரச்சினையாக வரப்போகிறது என்பதை நான் அப்போது உணரவில்லை.

விளம்பரங்களையும் வாசித்தேன். தமிழ்த் தொலைக்காட்சியில் ஞாயிறு காலைகளில் சின்னத்திரை நடிகைகள் செம்மண் மனைகளுக்கு நடுவே நடந்தபடி பேசுவார்களே, அந்த விளம்பரங்களையும் தெருமுனையில் கையில் திணிக்கும் துண்டறிக்கைகளையும் சேர்த்துச் சொல்கிறேன். அவற்றை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டால் தெரிவது இதுதான்: பேசுகிறவள் பெண், சாவியை வாங்கிச் சிரிக்கிறவள் பெண், தொலைவை அளப்பவர் மட்டும் வண்டி ஓட்டும் ஆண். 'ரயில் நிலையத்திலிருந்து 5 நிமிடம்', 'பள்ளிகளிலிருந்து 10 நிமிடம்.' எதில் ஐந்து நிமிடம்? இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு குழந்தையும் தோளில் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டுமாக நடக்கிறவளுக்கு அது ஐந்து நிமிடமா?

தொல்காப்பியம் முதற்பொருளை நிலம், பொழுது என இரண்டாகச் சொல்கிறது. நிலம் மட்டும் இருந்தால் திணை உருவாகாது, பொழுதும் வேண்டும். விளம்பரம் நிலத்தை விற்கிறது. பொழுதைப் பற்றி அதற்குப் பேச்சே இல்லை. பெண்ணுக்கோ ஓர் ஏரியா என்பது பொழுதுக்குப் பொழுது வேறாகும் இடம். காலை பத்து மணிக்கு நாங்கள் போய்ப் பார்த்த அகலமான தார்ச்சாலை மாலை ஏழு மணிக்கு விளக்கில்லாத, ஆளில்லாத முக்கால் கிலோமீட்டர். நண்பகலில் அமைதியாக இருந்த காலிமனைகள் இரவில் குடிப்பவர்களின் இடம். நாங்கள் பார்த்த வீடுகள் எல்லாவற்றையும் பகலில்தான் பார்த்தோம், அதுவும் இணையரின் நண்பருடைய காரில்.

கடைசியில் சோழிங்கநல்லூரில், சுற்றுச்சுவரும் வாயிற்காவலும் உள்ள ஓர் அடுக்ககத்தில் குடியேறினோம். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். பேச்சு நியாயமாகவே நடந்தது. அவருக்குச் சம்பளம் அதிகம். அவர் சில நாள் இரவு பதினோரு மணிக்குத் திரும்புவார். 'உனக்கு நாலு மணிக்குக் காலேஜ் முடிஞ்சிடுமே.' நானும் தலையாட்டினேன். குழந்தைகளுக்கு விளையாட இடம் இருந்தது, கேட்டில் காவலர் இருந்தார். நல்ல ஏரியா.

அவருடைய அலுவலகம் வண்டியில் பன்னிரண்டு நிமிடம். எனக்கு மேடவாக்கத்தில் இறங்கி மாறும் இரண்டு பேருந்துகள். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். ஆண்டுக்கு 200 வேலைநாள் என்று வைத்தாலும் 600 மணி நேரம். அங்கே மூன்று ஆண்டுகள் இருந்தோம், ஆக 1,800 மணி நேரம். 75 முழு நாட்கள், இரவும் பகலுமாக, நான் பேருந்தில் நின்றிருக்கிறேன். அந்த மூன்று ஆண்டுகளில் நான் எழுதிய கவிதைகள் நான்கு. நான்கிலும் பேருந்து வருகிறது.

2019ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு, வீட்டுக்குள் ஊதியமற்ற வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் அப்படி ஈடுபடும் ஆண் 97 நிமிடமும் செலவிடுவதாகச் சொன்னது. இந்த 299 நிமிடத்தின் மேல்தான் என் மூன்று மணி நேரம் வந்து உட்கார்ந்தது. வீட்டை எங்கே வைப்பது என்று முடிவு செய்தபோது அந்த 299 நிமிடத்தை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை, நானும் சேர்க்கவில்லை. அதிகச் சம்பளம் வாங்குகிறவரின் நேரம் விலை உயர்ந்தது என்ற கணக்கை இரண்டு பேருமே கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டோம். எனக்குச் சம்பளம் குறைவாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் ஏற்கெனவே இரண்டு முறை குடும்பத்துக்காக வேலையை விட்டவள். ஒவ்வொரு முறையும் பணிமூப்பு பூச்சியத்திலிருந்து தொடங்கியது. குடிபெயர்வு என் சம்பளத்தைக் குறைத்தது, குறைந்த சம்பளம் அடுத்த குடிபெயர்வில் என் சொல்லைக் குறைத்தது. இந்தச் சுழற்சியைப் பார்க்காமல் 'நடைமுறைக்கு எது வசதியோ அது' என்று பேசுவது பாதிக் கணக்கு.

அமெரிக்க நகர வரலாற்றாளர் டொலோரஸ் ஹெய்டன் 1980இல் எழுதிய ஒரு கட்டுரையின் கேள்வி, பால்பாகுபாடு இல்லாத நகரம் எப்படியிருக்கும் என்பது. அமெரிக்கப் புறநகர் வீடு, மனைவி வீட்டிலேயே இருப்பாள் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது என்றார். அவள் வேலைக்குப் போகத் தொடங்கியதும், வீடு, குழந்தைகள் காப்பகம், கடை, வேலையிடம் என்று சிதறிக் கிடக்கும் புள்ளிகளைத் தன் உடம்பால் இணைக்க வேண்டியவளாகிறாள். நம்முடைய புறநகர்கள் அமெரிக்கப் புறநகர்கள் அல்ல. ஆனால் 'மனைவி வீட்டில் இருப்பாள்' என்பது நமக்குப் பழைய செய்தி. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். கார்காலத்து மாலையில் அவள் ஆற்றியிருக்க வேண்டும், அவன் வினைமுடித்துத் தேரில் திரும்புவான். சுற்றுச்சுவருக்குள் இருக்கும் அடுக்ககத்தின் கற்பனையும் அதுதான். காத்திருக்கும் பெண்ணுக்காகப் பூங்காவும் மாடிவிளக்கும் போட்டிருக்கிறார்கள். கார்காலத்து மாலையில் மேடவாக்கம் நிறுத்தத்தில் நனைந்தபடி நான் காத்திருந்ததுக்கு அந்தக் கற்பனையில் இடம் இல்லை.

என் மகன் அந்த நேரங்களில் அடுக்ககத்திலேயே ஒரு வீட்டில் நடந்த காப்பகத்தில் இருந்தான். ஆறு மணிக்கு மேல் ஒவ்வொரு அரை மணிக்கும் தனிக் கட்டணம். 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் ஐம்பதும் அதற்கு மேலும் ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி செய்ய வேண்டும் என்றது. நாங்கள் பெண் ஆசிரியர்கள் சேர்ந்து எங்கள் கல்லூரியில் கேட்டோம். 'பாக்கலாம்' என்றார்கள். மகன் மூன்றாம் வகுப்புக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

பாதுகாப்பு என்ற சொல்லுக்கு வருகிறேன். இளம் குடும்பத்துக்கு வீடு தேடும்போது இதைவிட வலிமையான சொல் இல்லை. என் அடுக்ககத்தின் வாயிலில் ஒரு பேரேடு இருந்தது. ஒருநாள் கருத்தரங்கு முடிந்து இரவு ஒன்பதரைக்கு ஆட்டோவில் இறங்கினேன். காவலர் நல்ல மனிதர், அக்கறையாகத்தான் கேட்டார்: "என்ன மேடம், இவ்ளோ லேட்டு?" பதினோரு மணிக்கு வரும் என் இணையரிடம் அவர் அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை, சல்யூட் வைப்பார். மும்பையை வைத்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ராணடே மூவரும் எழுதி 2011இல் வெளிவந்த 'வொய் லாய்ட்டர்?' நூல் இதைத்தான் விரிவாகப் பேசுகிறது. பொதுவெளியில் பெண் தனக்கு ஒரு காரியம் இருப்பதைக் காட்டிக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது. அவளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அவளுடைய 'கௌரவத்தை' நிபந்தனையாக வைத்துக் கிடைப்பது. காரியம் இல்லாமல் தெருவில் நிற்கும் உரிமையே முழுக் குடியுரிமை என்பது அவர்கள் வாதம். எங்கள் அடுக்ககத்தில் சுவருக்குள் நான் எவ்வளவு நேரமும் நடக்கலாம். சுவருக்கு வெளியே ஒரு தேநீர்க் கடையில் ஐந்து நிமிடம் உட்கார இடமில்லை. என் மகளுக்கு அந்த மூன்று ஆண்டுகளில் தெரு என்றால் என்னவென்றே தெரியாமல் போயிற்று. பள்ளி வண்டியிலிருந்து கேட்டுக்குள், கேட்டிலிருந்து லிப்டுக்குள்.

வீடு பார்க்கும்போது பாளையங்கோட்டையிலிருந்து அம்மா தொலைபேசியில் கேட்டது இரண்டே கேள்விகள். "ஏட்டி, தண்ணி எப்பிடி? பக்கத்து வீட்டுக்காரி எப்பிடி?" நான் சிரித்தேன். அடுக்ககத்தில் தண்ணீர் 24 மணி நேரம் என்று துண்டறிக்கையில் போட்டிருந்தது.

2019 கோடையில் புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. எங்கள் அடுக்ககத்துக்கு வாங்கிக்கொண்டிருந்த லாரித் தண்ணீரும் குறைந்தது. காலை ஐந்தரை முதல் ஆறரை, மாலை ஒரு மணி நேரம் என்று சங்கம் நேரம் குறித்தது. அந்தச் செய்தி வீட்டுக்காரர்களான ஆண்கள் இருந்த வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ஐந்தரைக்கு எழுந்து குடங்களையும் வாளிகளையும் நிரப்பியவர்கள் அந்தக் குழுவில் இல்லை. அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில் சென்னைத் தெருவொன்றில் ஜமுனாவும் மற்றப் பெண்களும் குடத்தோடு அலைவார்கள். 1970களின் தொடக்கத்தில் எழுதப்பட்டது அது. அரை நூற்றாண்டு கழித்து எட்டாவது மாடியில், லிப்டும் நீச்சல் குளமும் உள்ள இடத்தில், அதே வேலை அதே கைகளுக்கு வந்து சேர்ந்தது. நீச்சல் குளத்தில் காய்ந்த இலைகள் கிடந்தன.

அப்போதுதான் ஊர்ப்பெயர்களை நான் ஒழுங்காக வாசிக்கத் தொடங்கினேன். 'தாங்கல்' என்றால் சிறு ஏரி. பழவந்தாங்கலும் ஐயப்பன்தாங்கலும் தங்கள் பெயரிலேயே நீரைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு 2022இல் ராம்சர் தகுதி கிடைத்தது. அந்தச் சதுப்பின் ஒரு பகுதியில்தான் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு இருக்கிறது. அதைச் சுற்றி அலுவலகங்களும் அடுக்ககங்களும் எழுந்தன. மழைக்குத் தேங்க இடமில்லாமல் போனதும் கோடைக்கு ஊறி வர நீரில்லாமல் போனதும் ஒரே செயலின் இரு விளைவுகள். 'ஏரியா' என்ற சொல்லைப் பிரித்துக் கேள்வியாக்கினால் 'ஏரியா?' என்று வரும் என்பது சென்னைவாசிகளின் பழைய வேடிக்கை. 2015இலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் அந்தக் கேள்விக்கு நகரத்தின் தெற்குப் பகுதி பதில் சொன்னது. அம்மாவின் முதல் கேள்வி நான் சிரித்துத் தள்ளியிருக்கக் கூடாத கேள்வி.

இரண்டாம் கேள்வி, பக்கத்து வீட்டுக்காரி. இதற்கான பதில் நான் எதிர்பார்த்த இடத்திலிருந்து வரவில்லை. எங்கள் வீட்டில் வேலை செய்த அக்கா பெரும்பாக்கத்திலிருந்து வருவார். அடையாற்றுக் கரையில் சைதாப்பேட்டைப் பக்கம் இருந்தவர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைகளிலிருந்து பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அவருக்கும் அப்போது ஐந்து வயதில் ஒரு பெண் இருந்தாள், என் மகளைப் போலவே. ஒருநாள் நான் என் பேருந்துப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன். ஏரியா தேர்ந்தெடுத்ததில் தப்புப் பண்ணிவிட்டோம் என்றேன். அவர் பாத்திரத்தைத் துடைத்தபடியே சொன்னார்: "நீங்க ஆறு வாரம் பாத்தேன்றீங்க. எங்களுக்கு ஒரு நாளு. லாரி வந்துது, சாமானை ஏத்துனோம். எங்க போறோம்னு இறங்குனப்புறம்தான் தெரியும்."

சைதாப்பேட்டையில் அவர் நடந்தே போய் வேலை பார்த்த நான்கு வீடுகள் அவருக்கு இல்லாமல் போயின. பிள்ளையைப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டுப் பாட்டி வேறு பிளாக்கில் எங்கோ. ஒரு பெண் பத்து ஆண்டுகளில் நடந்து நடந்து கட்டிய ஒரு சுற்றுவட்டம் அது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரம் தன் ஏழைகளை வரிசையாக அனுப்பியது நான் 'நல்ல ஏரியா' என்று தேர்ந்தெடுத்த அதே சாலையின் பக்கவாட்டில்தான். 'வேலைக்கு ஆள் ஈஸியா கிடைக்கும்' என்று தரகர் எங்களிடம் சொன்னது இதைத்தான். அவளுடைய இடப்பெயர்வு என் ஏரியாவின் வசதிகளில் ஒன்றாகப் பட்டியலில் இருந்தது. அவர் எங்கள் மாடிக்கு வரத் தனி லிப்டு இருந்தது. அதைப் பற்றி மூன்று ஆண்டுகளில் நான் சங்கக் கூட்டத்தில் ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை. பெண்ணின் நேரம், பெண்ணின் உடல் என்றெல்லாம் வகுப்பில் பேசுகிறவள், என் நேரத்தைக் கொஞ்சம் மீட்டுத் தந்தது இன்னொரு பெண்ணின் நேரம் என்பதை மட்டும் தள்ளிவைத்திருந்தேன்.

2019 இறுதியில் குரோம்பேட்டைக்கு மாறினோம். இந்த முறை முடிவை நான் கேட்டு வாங்கினேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் தண்ணீர்ப் பிரச்சினையும், இணையரின் நிறுவனம் வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டதும் சேர்ந்துதான் அதைச் சாத்தியமாக்கின. 1931இல் தொடங்கிய கடற்கரை–தாம்பரம் மின்ரயில் தடத்தை ஒட்டிய ஊர் குரோம்பேட்டை. எனக்கு இரண்டாவது நிலையத்தில் தாம்பரம். ரயிலில் பெண்கள் பெட்டி. நிலையத்திலிருந்து வீடு வரைக்கும் இட்லிக் கடை, பூக்கடை, தையல்கடை, மருந்துக் கடை. இரவு ஒன்பதரைக்கு வந்தாலும் யாராவது ஒரு பெண் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். வீடு பழையது, சமையலறை இருட்டு. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபிறகு, பெரும்பாக்கத்து அக்கா என்னைப் பார்க்க மகளோடு ஒருமுறை வந்தார். வேலைக்கு அல்ல, சும்மா பார்க்க.

குரோம்பேட்டை வீடு கிடைத்த விதத்தைச் சொல்லாமல் விட்டால் இது பொய்க் கட்டுரையாகிவிடும். வீட்டுக்காரம்மா முதலில் கேட்டது, "நீங்க என்ன ஆளுங்க?" ஒரு கணம் நான் தயங்கினேன். 'எதுக்குங்க கேக்கறீங்க?' என்று திருப்பிக் கேட்கத் தெரியும். கேட்கவில்லை. ஆறு மாதமாகத் தண்ணீருக்கு அலைந்த களைப்பு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பதில் சொன்னேன். என் பதிலுக்குக் கதவு திறந்தது. அதே ஆண்டு, அதே ஏரியாவில், என் துறையிலேயே வேலை பார்க்கும் தலித் தோழி நான்கு மாதம் வீடு தேடினாள். என்னைவிட மூத்தவள், ஆய்வு நூல்கள் வெளியிட்டவள். 'நாங்க வெஜிடேரியன்ஸுக்குத்தான் குடுக்கறோம்' என்றார்கள், 'சொந்தக்காரங்க வர்றாங்க' என்றார்கள். ஒரு வீட்டில் முன்பணம் வாங்கிவிட்டு மறுநாள் திருப்பிக் கொடுத்தார்கள். "உங்க நல்ல ஏரியால எனக்கு வீடு இல்ல" என்று அவள் சிரித்தபோது என்னால் சிரிக்க முடியவில்லை. ஊர், சேரி என்ற பிரிவு ஒழிந்துவிடவில்லை. 'டீசன்ட்', 'நம்ம ஆளுங்க', 'பியூர் வெஜ்' என்று அது வாடகைக்குப் பேசுகிறது. பெண்ணுக்கு நல்ல ஏரியா எது என்று நான் கேட்கும்போது எந்தப் பெண்ணுக்கு என்பதையும் சேர்த்துக் கேட்காவிட்டால், நானும் அந்த 'கு'வை விழுங்கியவளாவேன்.

இன்னொன்றும் உண்டு. குரோம்பேட்டையில் பிறகு ஒரு வீட்டை வாங்கினோம். கடன் என் சம்பளத்தையும் சேர்த்தே கிடைத்தது. பத்திரம் எழுதுபவர் என்னைக் கேட்காமலே இணையர் பெயரைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். இரண்டு பேர் பெயரும் வேண்டும் என்று நான் சொன்னபோது, "ஏன் சார், வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று அவரிடமே கேட்டார். தமிழ்நாடு 1989இலேயே மகள்களுக்குக் குடும்பச் சொத்தில் சம உரிமைக்கான சட்டத்திருத்தம் கொண்டுவந்த மாநிலம். 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. சட்டம் அவ்வளவு தூரம் வந்திருக்கிறது. பத்திர எழுத்தரின் மேசைவரை வரவில்லை. 'இல்லாள்' என்றால் வீட்டுக்குரியவள். 'இல்லான்' என்றால் ஒன்றும் இல்லாதவன். சொல்லில் வீடு பெண்ணுடையது, பத்திரத்தில் அவள் பெயரைச் சேர்க்கக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் மாணவிக்கு நான் கடைசியில் ஊரின் பெயர் எதையும் சொல்லவில்லை. சில வேலைகள் சொன்னேன். பார்த்து வைத்திருக்கும் ஏரியாவுக்கு ஒருமுறை மாலை ஏழு மணிக்குப் போ. காரில் போகாதே, பேருந்திலோ ரயிலிலோ போய் இறங்கி, சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வரை நட. வழியில் விளக்கு எரிகிறதா, கடைகளில் பெண்கள் இருக்கிறார்களா பார். உட்கார ஒரு திண்ணையாவது இருக்கிறதா என்று பார். அங்கன்வாடி எங்கே, அரசுப் பள்ளி எங்கே, ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே என்று தரகரைக் கேட்காதே, தெருவில் பிள்ளையோடு நிற்கிற ஒரு பெண்ணைக் கேள். 2015இலும் 2023இலும் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது, 2019இல் எத்தனை நாள் லாரிக்குக் காத்திருந்தார்கள் என்பதையும் அவளிடமே கேள். உன் வேலைக்கு ஆகும் நேரத்தையும் அவர் வேலைக்கு ஆகும் நேரத்தையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, பிள்ளைகளைக் கொண்டுவிடும் நேரத்தை யார் பக்கம் எழுதுவது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். சாதி கேட்டால் என்ன சொல்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள். நான் முடிவு செய்யாமல் போனேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "மேம், இவ்ளோத்தையும் கேட்டா எந்த ஏரியாவுமே பாஸாகாதே" என்றாள்.

ஆகாது என்றேன். "ஆனா எதுல யாருக்காகப் பெயிலாகுதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும். உங்க வீட்டுக்காரருக்கும் தெரிஞ்சிருக்கும்."

போன வாரம் மீண்டும் அழைத்தாள். இரண்டு ஏரியாக்களுக்கு இரவில் போய் நடந்து பார்த்திருக்கிறார்கள். இரண்டாவது இடத்தில் பிள்ளையைக் கணவர் தூக்கிக்கொண்டு நடந்தாராம். நிறுத்தத்திலிருந்து பாதி தூரத்தில் அவரே நின்று, "இது ரொம்பத் தூரம்" என்று சொன்னாராம். அந்த வீட்டை விட்டுவிட்டார்கள். இன்னும் தேடுகிறார்கள்.